எஞ்சினை உடைக்கும் முன் வால்வைத் திறந்து பாருங்கள்

பர்மாவின் ஐராவதி டெல்டாவில் ஆவி எஞ்சினால் நெல் அரைக்கும் ஆலைகளின் முதலாளிமாருக்கும், அவர்களுக்கு வார்ப்பும் கடைசலும் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும்,

இந்தப் பருவத்து அரைப்பு முடிந்ததும் எஞ்சின்களை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு டீசலுக்கு மாறுவது என்று நீங்கள் கூடி முடிவெடுத்திருக்கிறீர்கள். அதற்குச் சொன்ன காரணங்கள் மூன்று: உமி போதவில்லை, கோன்களை (அரிசி தீட்டும் கூம்புக் கற்களை) இறக்கினால் எஞ்சின் திணறுகிறது, ஓடும்போது சுவர் அதிர அடிக்கிறது. மூன்றையும் நாங்கள் மறுக்கவில்லை. எஞ்சின் பக்கத்திலேயே நிற்கிற எங்களுக்கு அது உங்களை விட நன்றாகக் கேட்கிறது. ஆனால் இந்த மூன்று நோய்க்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. அது சிலிண்டரிலும் இல்லை, பாய்லரிலும் இல்லை. சிலிண்டரோடு ஒட்டிய ஆவிப் பெட்டியான ஸ்டீம் செஸ்ட்டின் மூடிக்கு உள்ளே, கையால் தூக்கிவிடக்கூடிய ஒரு வார்ப்பிரும்புத் துண்டில் இருக்கிறது. அதைச் சரிசெய்து பார்க்காமல் எஞ்சினை உடைப்பதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கணக்காகவே பேசுவோம். அளவுகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், முறை மாறாது. போர்ட், அதாவது சிலிண்டருக்குள் ஆவி போகும் வாய், 1¼ அங்குல அகலம் உள்ள ஒரு நடுத்தர எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறை வழக்கில் சொன்னால் 10 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). போர்ட்டுகளின் மேல் முன்னும் பின்னும் சறுக்கி ஆவியைத் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு நட்டநடுவில் நிற்கும்போது அதன் ஓரம் போர்ட்டின் வெளி ஓரத்தையும் தாண்டி மூடி நிற்கிற அளவுதான் லேப். அந்த எஞ்சினுக்கு லேப் 7 நூல். போர்ட்டையும் லேப்பையும் கூட்டி இரட்டித்தால் வால்வின் மொத்த ஓட்டம் 34 நூல், அதாவது 4¼ அங்குலம். பிஸ்டன் டெட் சென்டரில், அதாவது ஓட்டத்தின் கடைக்கோடியில், நிற்கும்போது போர்ட் அரை நூல் மட்டும் திறந்திருக்க வேண்டும். அது லீட். இப்படி அமைந்தால் பிஸ்டன் தன் ஓட்டத்தில் நூற்றுக்கு 82 பங்கு போனதும் வால்வு ஆவியை நிறுத்திவிடும். மிச்சத் தூரம் உள்ளே அடைபட்ட ஆவி விரிந்து தள்ளும். நிறுத்துவதைச் செய்வது லேப்தான். லேப் குறைந்தால் ஆவி நிற்காது.

இப்போது உங்கள் எஞ்சின்களில் லேப் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1960களில் ஆலைகள் அரசுடைமையானபின் சீமையிலிருந்து உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. வரைபடங்கள் காணாமல் போயின. தேய்ந்த வால்வை எடுத்துப் போய், அதையே மணலில் அழுத்தி அச்செடுத்து, புதியது வார்த்து வாங்கிவரும் பழக்கம் அப்படித்தான் நிலைத்தது. பட்டறைக்காரர்களை நாங்கள் பழிக்கவில்லை. கொடுத்த மாதிரியைத்தான் அவர்கள் வார்த்தார்கள். ஆனால் வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். 12 அங்குல நீள வால்வு ஒன்றுக்கு அதனால் பக்கத்துக்கு அரை நூல் போயிற்று. பிறகு இரு ஓரத்தையும் சதுரமாகக் கடைவதில் பக்கத்துக்கு ஒரு நூல். ஆக ஒவ்வொரு வார்ப்பிலும் லேப்பில் ஒன்றரை நூல் கரைகிறது. அடுத்த முறை அந்தச் சிறுத்த வால்வே மாதிரியாகிறது. மூன்றாவது வார்ப்பில் 7 நூல் லேப் இரண்டரை நூலாகிவிடுகிறது. கண்ணுக்கு அது புத்தம்புது வால்வு. பளபளவென்று இருக்கும்.

அந்த வால்வை, அதை ஓட்டுகிற எக்சென்ட்ரிக்கை (தண்டில் மையம் விலக்கிப் பொருத்திய வட்டை) தொடாமல் மாட்டினால் லீட் அரை நூலிலிருந்து 5 நூலாகிறது. டெட் சென்டருக்கு ஏறக்குறைய 2 டிகிரி முன்னால் நுழைய வேண்டிய ஆவி 18 டிகிரி முன்பே நுழைந்து, வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை எதிர்த்து அறைகிறது. கனெக்டிங் ராடு பித்தளைகள் பிதுங்குவதும், மெயின் பேரிங் போல்ட் நெகிழ்வதும், கட்டுமானத்தில் விரிசல் விழுவதும் இதனால்தான். நீங்கள் சொன்ன சுவர் அதிர்ச்சி இது.

அடியைத் தாங்க முடியாமல் யாரோ ஒருவர் எக்சென்ட்ரிக்கைப் பின்னுக்குத் திருப்பியிருப்பார். 6 அங்குலத் தண்டில் சுற்றளவோடு அளந்தால் கிட்டத்தட்ட 7 நூல் தூரம். அடி நின்றுவிடும், லீட்டும் அரை நூலுக்கு வந்துவிடும். வேலை முடிந்ததென்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். உண்மையில் அங்கேதான் உமி தீர ஆரம்பிக்கிறது. இரண்டரை நூல் லேப்பில் வால்வு ஆவியை நிறுத்துவது நூற்றுக்கு 97 பங்கில். பிஸ்டன் ஓட்டம் முழுக்கப் பாய்லர் ஆவி நேராகப் பாய்ந்து, விரியாமலே வெளிப்போக்குக் குழாயில் போகிறது. 82இல் நிறுத்தினால் கிடைக்கும் வேலைக்கும் 97இல் கிடைக்கும் வேலைக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆவிச் செலவில் வித்தியாசம் நூற்றுக்குப் பதினைந்து.

இதை உமியாக மாற்றிப் பாருங்கள். 46 ராத்தல் (பவுண்டு) கூடை 100 என்றால் 4,600 ராத்தல் நெல். அதில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதாவது 920 ராத்தல். அத்தனையும் அடுப்புக்குப் போகிற ஆலையில், லேப்பைப் பழையபடி ஆக்கினாலே 100 கூடைக்கு 140 ராத்தல் அளவு உமி மீதியாகும். வெளியே விலை கொடுத்து உமி வாங்குவதாக முறையிடுகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

சரியான லேப்பில் வால்வு செய்து போட்டும் எஞ்சின் இழுக்கவில்லை, ஆகவே இந்தக் கணக்கெல்லாம் வீண் என்று உங்களில் சிலர் சொல்வதும் எங்கள் காதுக்கு வந்தது. அதற்கும் காரணம் இருக்கிறது. பின்னுக்குத் திருப்பி வைத்த எக்சென்ட்ரிக்கை அப்படியே விட்டு 7 நூல் லேப் வால்வை மாட்டினால், டெட் சென்டரில் போர்ட் திறப்பதற்குப் பதிலாக இன்னும் 4 நூல் மூடியே நிற்கும். ஆவி தாமதமாக வரும், எஞ்சின் சோர்ந்துதான் போகும். வால்வும் எக்சென்ட்ரிக்கும் கணவன் மனைவி மாதிரி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். எக்சென்ட்ரிக் கீ (தண்டோடு பூட்டும் ஆப்பு) போட்டு இறுக்கியதாக இருந்தால், தண்டில் புதிதாகக் காடி வெட்ட வேண்டியதில்லை. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி படி வைத்த கீ ஒன்று செய்து போட்டால் போதும்.

வைக்கும் முறையை இங்கே எழுதுவது, இது இரண்டு நாள் வேலை, இரண்டு மாத வேலை அல்ல என்று நீங்களே காண்பதற்காக.

மெயின் ஸ்டாப் வால்வை மூடிப் பூட்டி, சிலிண்டரின் நீரை வடிக்கும் டிரெயின் காக்குகளைத் திறந்துவிட்டு, முதலில் பித்தளைகளில் இருக்கிற ஆட்டத்தை எடுங்கள். ஆட்டத்தோடு வைத்த வால்வு வைக்காத வால்வு. அடுத்தது டெட் சென்டர். கண்ணால் பார்த்து இதுதான் என்று சொல்வது பெருந்தவறு, ஏனென்றால் அந்த இடத்தில் கிராங்க் நிறையத் திரும்பினாலும் கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடு முனையில் கைடில் சறுக்கும் கட்டை) அசைவதே தெரியாது. டெட் சென்டருக்கு ஒரு சாண் முன்னதாகப் பிளைவீலை நிறுத்தி, கிராஸ்ஹெட்டுக்கு நேரே கைடில் ஒரு கோடு கீறுங்கள். தரையிலிருந்து ஒரு கூர்க்கம்பி வைத்துப் பிளைவீல் விளிம்பில் ஒரு புள்ளி. பிறகு டெட் சென்டரைத் தாண்டித் திருப்பி, கிராஸ்ஹெட் அதே கோட்டைக் கொஞ்சம் கடந்து போகட்டும். அங்கிருந்து பின்னோக்கித் திருப்பி, கோட்டில் நிறுத்தி, அதே கம்பியால் இரண்டாம் புள்ளி. இரு முறையும் ஆட்டம் ஒரே பக்கம் ஒதுங்குவதற்காகத்தான் இந்தத் திருப்பல். இரு புள்ளிக்கும் நட்டநடு அந்தக் கம்பிக்கு நேரே வந்தால் அதுதான் டெட் சென்டர். இப்படியே மறுமுனைக்கும் எடுத்துக் குளிர் உளியால் அழியாத குறி போட்டுவிடுங்கள்.

இனி லீட். செஸ்ட் மூடி திறந்திருக்கிறது. எஞ்சினை ஓடும் திசையிலேயே திருப்பிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். தேக்கில் செதுக்கிய மெல்லிய ஆப்பு ஒன்றை, வால்வு ஓரத்துக்கும் போர்ட் ஓரத்துக்கும் இடையே மெதுவாக அழுத்தினால், வால்வின் விளிம்பு மரத்தில் ஒரு தழும்பு விடும். அந்தத் தழும்பு இருக்கிற இடத்தில் ஆப்பின் கனம் எவ்வளவோ அதுதான் லீட். இரு முனையிலும் இப்படி எடுங்கள். ஒரு முனையில் ஒரு நூலும் மறுமுனையில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் ஸ்பிண்டில் (வால்வைத் தள்ளி இழுக்கும் கம்பி) நட்டைத் திருப்பி அரை அரையாகச் சமமாக்குங்கள். இரு முனையிலும் சமமாகவே அதிகமென்றால், சமமாகவே குறைவென்றால், எக்சென்ட்ரிக்கை நகர்த்துங்கள். சமன் செய்வது ஸ்பிண்டில், கூட்டிக் குறைப்பது எக்சென்ட்ரிக். இந்த வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

ஸ்பிண்டில் நட்டை வால்வோடு ஒட்டி இறுக்குகிற பழக்கத்தைப் பல ஆலைகளில் பார்க்கிறோம். கூடாது. ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விட்டு, லாக் நட்டும் ஸ்பிளிட் பின்னும் போடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்தால் வால்வு முகத்தை விட்டு எழும்பி அதை வெளியே விட வேண்டும். இறுக்கிப் பிடித்த வால்வு எழும்பாது. தண்ணீர் சிலிண்டர் மூடியை உடைத்துக்கொண்டு வெளிவரும்.

இதுவரை சொன்னது எஞ்சின் பிறந்தபோது இருந்த நிலைக்குத் திருப்புவது மட்டும். இதற்கு மேலும் ஒரு படி உண்டு, அதுவே இந்த மடலின் முக்கியமான வேண்டுகோள்.

ஒற்றை ஸ்லைடு வால்வை வைத்துக்கொண்டு ஆவியைப் பாதி ஓட்டத்தில் நிறுத்த முடியாது. முயன்றால் லேப் 12 நூலுக்குப் போகும், போர்ட் பாதி அளவுதான் திறக்கும், வெளிப்போக்கும் காலத்துக்கு முன்பே திறந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு 1840களிலேயே பிரான்சின் முலூஸ் நகரத்தில் எஞ்சின் செய்த ஜான்-ஜாக் மேயர் என்பவர் வழி கண்டார். பிரதான வால்வு எப்போதும்போல் ஓடும். அதன் இரு முனையிலும் ஊடுதுளை இருக்கும். அதன் முதுகின் மேல் இரண்டு தட்டுகள், தனி எக்சென்ட்ரிக்கால் ஓடும். கிராங்குக்கு ஏறக்குறைய நேரெதிரே அந்த எக்சென்ட்ரிக்கை வைப்பார்கள். தட்டுகளைத் தாங்கும் ஸ்பிண்டிலில் ஒரு பாதி வலமரை, மறுபாதி இடமரை. வெளியே இருக்கிற கைச்சக்கரத்தைத் திருப்பினால் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அல்லது நெருங்கும். விலகினால் ஆவி முன்னதாக நிற்கும், நெருங்கினால் பிந்தி நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். வெளிப்போக்கு பிரதான வால்வின் பொறுப்பு, ஆகவே அது கெடுவதில்லை.

இதன் பலன் என்ன? சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் பிரஷரில், வெளிப்போக்கு எதிர்ப்பையும் கழித்துக் கணக்குப் போட்டால், பாதி ஓட்டத்தில் ஆவியை நிறுத்தும்போது பாதி ஆவியில் முழு வேலையின் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கிறது. சிலிண்டர் சுவர் குளிர்ந்து ஆவி நீராகிப் போகும் நட்டத்தால் இது ஏட்டில் உள்ளபடியே கைக்கு வராது. அதைக் கழித்தாலும் எந்த டீசல் வியாபாரியும் தர முடியாத சேமிப்பு. ஆனால் மூன்றிலொரு பங்குக்குக் கீழே இறக்கக் கூடாது. அதற்குக் கீழே நீராகும் நட்டம் சேமிப்பை விழுங்கிவிடும்.

வேதனை என்னவென்றால், உங்கள் எஞ்சின்களில் சிலவற்றில் இந்தக் கைச்சக்கரம் இப்போதும் இருக்கிறது. பெயின்ட் அடித்திருக்கிறது. திரும்பாது. மரையில் எண்ணெய்ப் பிசின் கட்டிக் கல்லாகிவிட்டது. வேறு சிலவற்றில் தட்டுகளைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டு, இரண்டாம் எக்சென்ட்ரிக்கைச் சும்மா சுற்றவிட்டிருக்கிறார்கள். கழற்றிய ஸ்பிண்டிலை மண்ணெண்ணெயில் இரண்டு இரவு ஊறப்போட்டால் மரை விட்டுக்கொடுக்கும். நெருப்பு வைத்துச் சூடாக்கித் திருகாதீர்கள், முறியும்.

சக்கரத்தை எந்த இடத்தில் வைப்பது? ஸ்டாப் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, அன்றைய பாரத்தில், வேகத்தைச் சீராக்கும் கவர்னரின் திராட்டில் (ஆவி வழியைக் குறுக்கும் வால்வு) கிட்டத்தட்ட முழுத் திறப்பில் நிற்கும் வரை தட்டுகளை விலக்குங்கள். அதுதான் இடம். கோன்கள் எல்லாம் இறங்கியதும் கொஞ்சம் நெருக்க வேண்டும், உமி நீக்கும் கல் மட்டும் ஓடும்போது விலக்க வேண்டும். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. வால்வு ஆவியை அள்ளிக் கொடுக்கிறது, கவர்னர் வழியிலேயே கழுத்தை நெரித்துப் பிரஷரைக் கொல்கிறது. பாய்லரில் கஷ்டப்பட்டு ஏற்றிய 100 ராத்தல் சிலிண்டருக்குள் 60ஆக நுழைந்தால் அதை ஏற்றியதன் பயன் என்ன?

கார்லிஸ் எஞ்சின் வாங்கிப் போடலாமா என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1849இல் ஜார்ஜ் கார்லிஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியின் இயந்திரக் கூடத்தை ஓட்டிய 1,400 குதிரைசக்தி எஞ்சின் அவருடையது. உள்ளே விட இரண்டு, வெளியே விட இரண்டு என நான்கு வால்வுகள். குளிர்ந்த வெளிப்போக்கு ஆவி சூடான வழியைத் தொடுவதில்லை. கவர்னரே நேராக ஆவியை நிறுத்தும் நேரத்தை முடிவு செய்யும். அருமையான யந்திரம், அதில் எங்களுக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அதன் கொக்கிகளையும் வால்வைச் சட்டென்று மூடும் டாஷ்பாட்டுகளையும் தினமும் கவனிக்க ஆள் வேண்டும், கொக்கி முனை தேய்ந்தால் ஒரு பக்கம் ஆவியே வராது. நம் அளவு ஆலைக்கு மேயர் தட்டுகள் போதும். இங்கேயே வார்க்கலாம், இங்கேயே கடையலாம்.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் ஒரு பருவத்தில் பாழாகும். 12க்கு 10 அங்குல வால்வு என்றால் முதுகின் பரப்பு 120 சதுர அங்குலம். 80 ராத்தல் பிரஷரில் அதன் மேல் உட்காரும் பாரம் 9,600 ராத்தல், 4 டன்னுக்கு மேல். அடியில் போர்ட்டுகளிலிருந்து எதிர்த் தாங்கல் கொஞ்சம் உண்டு, இருந்தாலும் அந்தப் பாரத்தோடுதான் அது நாள் முழுக்க முன்னும் பின்னும் அரைகிறது. 100 ராத்தல் ஆவியின் வெப்பம் 170 டிகிரி செல்சியஸ். இதில் லாரியிலிருந்து வடித்த கருப்பு எண்ணெயை ஊற்றினால் அது தண்ணீராக இளகி ஓடிவிடும், மிஞ்சுவது கரியும் உலோகத் தூளும். சிலிண்டர் எண்ணெய் என்று தனியாக விற்பதை, சொட்டுச் சொட்டாக விழும் லூப்ரிகேட்டர் வழியே கொடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்கள் வால்வு முகத்தை விற்று எண்ணெய் வாங்குகிறார்கள்.

முகம் கெட்டிருக்கிறதா என்பதற்குச் சோதனை எளிது. வால்வை நடுவில் நிறுத்துங்கள்; இரு போர்ட்டும் மூடியிருக்கும். ஸ்டாப் வால்வைக் கொஞ்சம் திறந்து, டிரெயின் காக்குகளைப் பாருங்கள். ஆவி வந்தால் வால்வு முகம் கசிகிறது. அப்போது நீலம் தடவி, மேடு தெரிந்த இடத்தைச் சுரண்டி, முகம் முழுக்க நீலம் சமமாகப் படும்வரை உட்கார்ந்து செய்ய வேண்டும். எமரி பவுடர் போட்டுத் தேய்த்து முடிக்கப் பார்க்காதீர்கள். எமரி மணிகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு அப்புறம் ஓயாமல் அறுக்கும். பிஸ்டன் ரிங்குக்கு, ஒரு முனைக்கு ஆவி போகும்படி வைத்துப் பிளைவீலைக் கட்டையிட்டு நிறுத்துங்கள். மறுமுனை டிரெயினில் ஆவி தெரிந்தால் ரிங் போயிற்று.

எல்லா எஞ்சினையும் காப்பாற்ற வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. பாய்லர் தகடு மெலிந்து, நீர்ச் சோதனையில் தாங்காத இடங்களில் தயங்காமல் உடைத்துவிடுங்கள். அங்கே எங்கள் உயிர் இருக்கிறது. உமி வாயு எஞ்சினுக்குப் போனவர்கள் தார் கலந்த கழிவு நீரை எங்கே விடுவதென்று தவிப்பதையும், டீசலுக்குப் போனவர்கள் உமியை ஆற்றில் தள்ளுவதையும் டெல்டா முழுக்கக் காண்கிறோம். நெல்லோடு இலவசமாக வந்து சேருகிற எரிபொருளை ஆற்றில் கொட்டிவிட்டு, எண்ணெயை ரங்கூனிலிருந்து பீப்பாயில் ஏற்றி வரும் நிலைக்கு நல்ல பாய்லர் வைத்திருக்கிறவர்களும் போக வேண்டுமா?

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. உடைக்கும் முடிவை ஒரே ஒரு அரைப்புப் பருவத்துக்கு நிறுத்திவையுங்கள். பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு நாள் கொடுங்கள். செஸ்ட்டைத் திறந்து போர்ட், லேப், ஓட்டம், லீட் நான்கையும் அளந்து, ஒரு தகட்டில் வெட்டி எஞ்சின் மேலேயே அறையச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் ஊகிக்க வேண்டியிராது. பழைய வால்வை மாதிரியாகக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே அளவு எஞ்சின் வைத்திருப்பவர்கள் சேர்ந்து, அடிக்கு ஒரு நூல் சுருக்கமும் முகத்துக்கு ஒரு நூல் கடைசலும் கூட்டி மரத்தில் மாதிரி செய்து பொதுவில் வையுங்கள். பட்டறைக்காரர்களே, அளவுத் தகடு இல்லாமல் யாராவது வால்வு வார்க்க வந்தால் அளவைக் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். வால்வுக்குக் குழி விழாத, மணி நெருங்கிய வார்ப்பைக் கொடுங்கள். சிலிண்டர் முகத்தை விட அது ஒரு பங்கு மென்மையாக இருக்கட்டும். தேய வேண்டியது வால்வு, சிலிண்டர் அல்ல.

கிடங்கில் கிடக்கும் மேயர் தட்டுகளையும் ஸ்பிண்டில்களையும் எடைக்குப் போடாதீர்கள். எந்த ஆலையில் என்ன கிடக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, பொருந்துகிற எஞ்சினுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பொதுவாக இண்டிகேட்டர் ஒன்று வாங்குங்கள். சிலிண்டருக்குள் நடப்பதை அது காகிதத்தில் கீறிக் காட்டிவிடும், பிறகு யார் சொல்வது சரி என்ற வாக்குவாதமே வேண்டாம். 100 கூடைக்கு எத்தனை ராத்தல் உமி எரிந்தது என்பதை வால்வு சரிசெய்யும் முன் ஒரு வாரமும், பின் ஒரு வாரமும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். நிறுப்பவர் உங்கள் கணக்கப்பிள்ளையாகவே இருக்கட்டும்.

அந்த எண்கள் குறையவில்லை என்றால் உடைக்கும் வேலையை நாங்களே கூட நின்று செய்து தருகிறோம். அதுவரை எந்த ஆலையிலும் பிளைவீலில் கேஸ் கட்டர் வைக்க வேண்டாம் என்றும், இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டெல்டா ஆலைகளில் எஞ்சினும் பாய்லரும் பார்க்கும் தமிழ்த் தொழிலாளர்கள்